பெருந்தொற்றும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும்: பழனி மலையிலிருந்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொற்றுக் காலத்தில் நீரும் காற்றும் வெயிலும் நின்றுவிடுவதில்லை. ஆனால் அவற்றைச் சார்ந்த மின் அமைப்பு மூன்று இடங்களில் ஆட்டம் காண்கிறது: மின் தேவை, பணப் புழக்கம், பராமரிக்கும் ஆட்கள். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவையும் 2020ஆம் ஆண்டின் கோவிட் தொற்றையும் ஒப்பிட்டு, தமிழ்நாட்டின் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் இந்த மூன்றையும் எப்படி எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே போனால் கூக்கால் வருகிறது. ஏரியும் சோலைக்காடும், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிமுறை வயல்களும் கொண்ட மலைக் கிராமம் அது. பழனி மலையில் பெய்யும் மழை வடக்கே இறங்கி அமராவதிப் படுகைக்கும் தெற்கே இறங்கி வைகைக்கும் போகிறது. அமராவதி, வைகை ஆகிய இரு அணைகளிலும் சிறிய புனல்மின் நிலையங்கள் உள்ளன. நீரைப் பொறுத்தவரை இம்மலை மின் அமைப்பின் தலைமாடு. மின்கம்பியைப் பொறுத்தவரை, காட்டைத் தாண்டிக் கடைசி வீடு வரை இழுக்கப்பட்ட பாதையின் கடைக்கோடி. உற்பத்தியின் தொடக்கமும் விநியோகத்தின் முடிவும் ஒரே மலையில் அமைந்திருப்பதால், பெருந்தொற்று மின் அமைப்பை எங்கே தொடுகிறது, எங்கே தொடாமல் விடுகிறது என்று காண இது ஏற்ற இடம்.

1918: தனித்தனித் தீவுகள்

இந்தியா மின்சாரத்தைப் பெற்ற பிறகு சந்தித்த மிகக் கொடிய தொற்று 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய மின்சாரத்தில் புனல்மின்னுக்குப் பெரிய இடம் இருந்தது. 1902இல் தொடங்கிய சிவசமுத்திரம் நிலையம் கோலார் தங்கவயலுக்கும், 1915இல் தொடங்கிய கோப்போலி நிலையம் பம்பாய் ஆலைகளுக்கும் மின்சாரம் தந்தன. நீலகிரியில் காட்டேரி அருவியின் நீர் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு உதவியது. ஒவ்வொரு நிலையமும் தன் வாடிக்கையாளரோடு மட்டும் பிணைந்த தனித் தீவு. ஓரிடத்தில் மிஞ்சியதை வேறிடத்துக்கு அனுப்ப வழியில்லை.

1918இல் தென்மேற்குப் பருவமழையும் கடுமையாகப் பொய்த்தது. நோயும் வறட்சியும் ஒரே ஆண்டில் வந்தன. புனல்மின்னை நம்பிய அமைப்புக்கு இதுவே மிகக் கெட்ட சேர்க்கை: ஆள் இல்லாத நேரத்தில் நீரும் இல்லை. 2020இல் நிலைமை நேர்மாறு. முந்தைய ஆண்டின் மழை நீண்டகாலச் சராசரியைக் கடந்திருந்தது, அவ்வாண்டின் மழையும் கடந்தது. இரண்டு தொற்றுகளையும் ஒப்பிடும்போது இந்த நல்வாய்ப்பைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

தீவுகள் இணைந்த வரலாறு

அடுத்த நூறாண்டில் நடந்த பெரிய மாற்றம் இணைப்பு. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் எனப் புனல்மின் நிலையங்கள் எழுந்தன. கோவைப் பஞ்சாலைகள் பைக்காரா மின்சாரத்தால் பெருகின. 1957இல் மாநில மின்வாரியம் அமைந்தது. முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு பெரியாறு மின் நிலையம் 1958 முதல் இயங்கியது. 1980களின் இறுதியில் ஆனைமலைப் பகுதியில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம் வந்தது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து நீரை மேலே ஏற்றி, தட்டுப்பாட்டின்போது கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம் அது.

1986இல் தமிழகக் கடலோரத்தில் முதல் காற்றாலைப் பண்ணை நிறுவப்பட்டது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு கணவாய்களின் காற்றைப் பிடித்து, 2020க்குள் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 9,000 மெகாவாட்டைக் கடந்தது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு ஒத்திசைந்தது. அன்றோடு தீவுக் காலம் முடிந்தது. ஓர் இடத்து அதிர்ச்சியை நாடு முழுதும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. நாட்டின் அதிர்ச்சி எல்லா இடத்துக்கும் வந்து சேரவும் வழி திறந்தது.

ஒன்பது நிமிடங்கள்

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஆலைகளும் கடைகளும் ரயில்களும் நின்றன. ஏப்ரல் மாதத்தில் நாட்டின் மின் நுகர்வு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 23 விழுக்காடு குறைந்தது. இந்த வீழ்ச்சியின் நடுவே ஒரு கடும் சோதனை வந்தது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் ஏப்ரல் 3 அன்று கேட்டுக்கொண்டார். மின்தொகுப்பை இயக்குவோருக்குத் திட்டமிட மூன்று நாள்கூட இல்லை.

அனல்மின் இயந்திரங்களை நிமிடக் கணக்கில் ஏற்றி இறக்குவது கடினம். ஆகவே அவற்றை முன்கூட்டியே தாழ்நிலைக்குக் கொண்டுபோய், புனல்மின் உற்பத்தியை உச்சத்துக்கு ஏற்றி வைத்தார்கள். 8.45 மணிக்குப் புனல்மின் உற்பத்தி 25,559 மெகாவாட். விளக்குகள் அணைய அணைய மதகுகளைச் சுருக்கி, 9.10க்குள் அதை 8,016 மெகாவாட்டுக்கு இறக்கினார்கள். மொத்தத் தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. அதில் பாதிக்கும் அதிகமான சுமையைத் தண்ணீர் தாங்கிக்கொண்டது. அதிர்வெண் 49.70க்கும் 50.26 ஹெர்ட்ஸுக்கும் இடையே நின்றது. விளக்குகள் திரும்பியதும் அதே இயந்திரங்கள் மீண்டும் வேகமெடுத்தன.

காற்றும் வெயிலும் மனிதன் சொல் கேட்பதில்லை. தேங்கிய நீர் கேட்கும். சூரிய, காற்று மின்சாரம் பெருகப் பெருக, இப்படிச் சொல் கேட்கும் துணை ஒன்று இன்றியமையாதது என்பதை அந்த இரவு மெய்ப்பித்தது. நீலகிரியின் குந்தாவில் கட்டப்பட்டுவரும் 500 மெகாவாட் நீரேற்று நிலையத்தின் பொருளும் இதுவே.

சட்டமும் பணமும்

தேவை குறைந்தால் யாரை நிறுத்துவது? சூரிய, காற்று மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு இல்லை. ஆகவே அதை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஊரடங்கிலும் இவ்விதி மாறாது, இந்த உற்பத்தியாளர்களுக்கான பணத்தையும் வழக்கம்போல் தரவேண்டும் என்று ஒன்றியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே மாநிலங்களுக்கு எழுதியது. கட்டுமானத்தில் இருந்த திட்டங்களுக்கு ஐந்து மாதக் கூடுதல் அவகாசமும் கிடைத்தது. சூரியத் தகடுகளுக்குச் சீனாவையே பெரிதும் நம்பியிருந்த நாட்டுக்கு, வூகானில் தொடங்கிய முடக்கத்துக்குப் பின் அந்த அவகாசம் தேவைப்பட்டது.

ஆனால் பணத்தின் நிலை வேறு. விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசமும் தரும் மாநிலத்தில், அந்தச் செலவின் ஒரு பகுதியை ஆலைகளும் வணிக நிறுவனங்களும் கட்டும் உயர்ந்த கட்டணம் ஈடுசெய்கிறது. திருப்பூரும் கோவையும் மூடியபோது குறைந்தது யூனிட் மட்டுமல்ல, அதிக விலை தரும் யூனிட். விநியோக நிறுவனங்களுக்கு 90,000 கோடி ரூபாய்க் கடன் ஆதரவை ஒன்றிய அரசு 2020 மே மாதம் அறிவித்தது. அது மூச்சுவிட உதவியது, நோயைத் தீர்க்கவில்லை. முதலில் வாங்கும் விதிக்கு மாறாகத் தமிழகத்தில் சூரிய மின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது குறித்த தொற்றுக்கு முந்தைய வழக்கில், 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. பாதுகாப்புக்காக அன்றி வணிகக் காரணத்துக்காகக் குறைப்பது தவறு என்பதே அதன் சாரம். 2022இல் வந்த தாமதக் கட்டண விதிகள், விநியோக நிறுவனங்கள் உற்பத்தியாளர்களுக்குத் தரவேண்டிய பழைய பாக்கியைத் தவணைகளில் தீர்க்க வைத்தன.

பணத்துக்கு வெளியே, காற்றின் தூய்மையிலும் ஒரு பாடம் கிடைத்தது. வாகனப் புகை குறைந்ததால் டெல்லியில் 2020 மார்ச் இறுதியில் தரையை அடைந்த சூரிய ஒளி முந்தைய மூன்று ஆண்டுகளைவிட 8.3 விழுக்காடு கூடியதாக ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு அளந்தது. தூய காற்று சூரிய மின்சாரத்துக்கும் மூலதனம்.

கடைக்கோடியின் கணக்கு

சுற்றுலா நின்றதால் கொடைக்கானல் விடுதிகள் மாதக்கணக்கில் இருண்டன. செப்டம்பரில் இ-பாஸுடன்தான் பயணிகள் திரும்பினர். அதே காலத்தில் மலைக் கிராம வீடுகளில் மின்சாரத்தின் அருமை கூடியது. பள்ளிப் பாடம் செல்போனுக்கு வந்துவிட்டது. செல்போனுக்குச் சார்ஜ் வேண்டும், கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மீட்டர் பார்க்க ஆள் வராததால் முந்தைய கணக்கீட்டின்படி பணம் கட்டச் சொன்னார்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், ஊரடங்கோ தொற்றோ, லைன்மேன்தான் நடந்து போய்க் கட்டவேண்டும். மின்தொகுப்பின் அளவுகோலில் தெரியாத இந்த வேலைதான் கடைசி வீட்டுக்கு மின்சாரம் என்பதன் முழுப் பொருள்.

முடிவுரை

1918க்கும் 2020க்கும் இடையே அமைப்பு வலுப்பெற்றது உண்மை. அந்த வலு மூன்று தூண்களில் நிற்கிறது: ஏற்றி இறக்கத்தக்க நீர், நாள் தவறாத பணம், கம்பியைக் காக்கும் ஆள். அடுத்த தொற்று மழை பொய்த்த ஆண்டில் வந்தால் முதல் தூண் தனியாகத் தாங்காது. எனவே நீரேற்று நிலையங்களோடு பேட்டரிச் சேமிப்பும் வேண்டும். மழையைத் தேக்கி மெல்ல விடும் சோலைகளையும் புல்வெளிகளையும் மின் கட்டமைப்பின் பகுதியாகவே கருதிக் காக்கவேண்டும். கூக்கால் போன்ற ஊர்களில் பள்ளி, சுகாதார நிலையம், செல்போன் கோபுரம் ஆகியவற்றுக்குச் சூரியத் தகடும் பேட்டரியும் அமைத்து, கம்பி அறுந்தாலும் அவை இயங்கச் செய்யவேண்டும். லைன்மேன்களை முன்களப் பணியாளர்களாக ஏற்று, தடுப்பூசியிலும் காப்பீட்டிலும் முதல் வரிசையில் வைக்கவேண்டும். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அடுத்த தொற்று வருமுன் செய்து முடிக்கும் உறுதி போதும்.