வளாகத்தின் எல்லை எது? நவரசு முதல் முருகேசன் வரை

2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அவர் கொடுத்த தகவல்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. நாடே கொதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. ஐந்தே மாதம்.

அந்த வேகத்தை நாம் குறை சொல்லவில்லை. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய வேகம். ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் பேசப்பட்டதெல்லாம் கேமரா, வாயிற்காவலர், அடையாள அட்டை, மதில் சுவர். மாணவர் பாதுகாப்பு என்றால் மதிலுக்குள் இருக்கும்போது காப்பாற்றுவது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலும் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? கடலூர் மாவட்டத்தின் வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது 1929இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1916இல், அதே ஊரில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். சேரிப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய கவலை. ஊர்த் தெருவில் நடந்து பள்ளிக்குப் போவதே ஆபத்தாக இருந்த காலம் அது. விடுதி என்பது நமக்கு வசதிக்காக வந்ததில்லை, பாதுகாப்புக்காக வந்தது. இன்றும் ஆதிதிராவிடர் நல விடுதியின் இடிந்த சுவரைப் பற்றிப் பேசும்போது இந்த வரலாற்றைச் சேர்த்தே பேச வேண்டும். பக்கத்துக் காட்டுமன்னார்கோயிலில் பள்ளி மாணவனாக இருந்த எல். இளையபெருமாள், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர். பின்னாளில் தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவுக்குத் தலைவராகி, 1969இல் அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். பானை உடைத்த பையனுக்கு அன்று எந்தக் கல்விச் சட்டமும் துணைக்கு இல்லை.

1971இல் அன்றைய முதலமைச்சர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியதை மாணவர்கள் எதிர்த்தார்கள். தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவரின் உடல் வளாகக் குளத்தில் மிதந்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. மாணவருக்கு ஆபத்து வெளியிலிருந்து வரும் ரவுடியால் மட்டுமல்ல, காக்கிச் சட்டையோடும் வளாகத்துக்குள் வரும் என்று இந்த மாவட்டம் அன்றே கற்றது.

1996 நவம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன். நவரசு, ராகிங் செய்த மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழகம் உறைந்து போனது. அடுத்த மாதமே அவசரச் சட்டம், 1997இல் ராகிங் தடைச் சட்டம். வழக்கு மட்டும் நீண்டது. 1998இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் குற்றவாளி என்றது. 1998இல் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா ஈவ்டீசிங்கில் உயிரிழந்தார். அதே ஆண்டு அதற்கும் ஒரு தடைச் சட்டம் வந்தது.

இந்த இரண்டு சட்டங்களும் வேண்டியவை. அவற்றால் நம் பிள்ளைகளும் பயன் பெற்றிருக்கிறார்கள். நமது கேள்வி அடுத்த மரணத்தைப் பற்றியது.

விருத்தாசலம் வட்டம், புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் முடித்தவர். கண்ணகி அதே ஊர், வன்னியர் சமூகம், தந்தை ஊராட்சித் தலைவர். இருவரும் காதலித்து 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சட்டம் கேட்ட வயது இருந்தது, சட்டம் கேட்ட பதிவும் இருந்தது. விஷயம் தெரிந்ததும் பெண் வீட்டார் முருகேசனின் உறவினரைப் பிடித்து மிரட்டி முருகேசனை வரவழைத்தார்கள். மூங்கில்துறைப்பட்டில் தங்கவைக்கப்பட்டிருந்த கண்ணகியையும் இழுத்து வந்தார்கள். ஜூலை 8 அன்று ஊரார் பார்க்க இருவர் உடம்பிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். முருகேசனுக்கு வயது 25, கண்ணகிக்கு 22.

இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் விருத்தாசலம் காவல் நிலையம். மகனைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்ன தந்தையின் புகார் அங்கே பதிவாகவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் வழக்கே பதிவானது. அதிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். இரண்டு சமூகத்திலிருந்தும் நான்கு நான்கு பேரைக் குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். அதாவது மகனைப் பறிகொடுத்த குடும்பத்தையே கொலைகாரக் குடும்பமாக எழுதினார்கள். ‘இரு தரப்பு மோதல்’ என்ற சொல்லை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் இளைய தோழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தராசு சமமாக இருப்பதுபோலக் காட்டுவதும் ஒரு சாதி வேலைதான்.

வழக்கு 2004இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ.க்குப் போனது. மேலவளவு வழக்கை நடத்திய வழக்கறிஞர் பொ. இரத்தினம் இதிலும் விடாமல் நின்றார். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், ஆண்டுகள் ஓடின. 2021 செப்டம்பர் 24 அன்று, கொலை நடந்து 18 ஆண்டுகள் கழித்து, கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, தந்தை உள்பட 12 பேருக்கு ஆயுள். அந்தப் பன்னிரண்டு பேரில் அன்றைய ஆய்வாளரும் உதவி ஆய்வாளரும் உண்டு. ஆணவக்கொலையை மூடி மறைத்த காவல்துறையினரும் கூண்டில் நின்று தண்டனை வாங்கியது நமக்குப் பெரிய செய்தி. 2022 ஜூனில் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்து இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் தர அரசுக்கு உத்தரவிட்டது.

நவரசுவுக்கு ஒரே மாதத்தில் அவசரச் சட்டம். அதே பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த முருகேசனுக்கு ஒன்றும் இல்லை. ‘அவன் அப்போது மாணவன் இல்லையே, பட்டம் வாங்கிவிட்டானே’ என்று யாராவது சொல்லக்கூடும். அப்படியானால் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் நடுச்சாலையில் வெட்டிக் கொல்லப்பட்ட சங்கர்? அவர் பொறியியல் கல்லூரி மாணவர், கல்லூரியில்தான் கௌசல்யாவைச் சந்தித்தார். அந்தக் கொலை கேமராவில் பதிவானது, நாடே பார்த்தது. கேமரா கொலையைத் தடுக்கவில்லை. 2015இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் வழக்கிலும் திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவு முக்கியச் சாட்சியமானது. கேமராவை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேலை செய்வது கொலைக்குப் பிறகு என்பதைத்தான் சொல்கிறோம்.

கல்லூரி என்பது வேறு வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம். அங்கே நட்பு வரும், காதலும் வரும். அதற்கான தண்டனை வளாகத்தில் கிடைப்பதில்லை, பேருந்தைவிட்டு இறங்கும் ஊரில் கிடைக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் சின்னதுரையை வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள், வெட்டிய இடம் அவனுடைய வீடு. பள்ளிக்கூடத்தில் முளைத்த பகை வீட்டு வாசலுக்கு வந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு வேண்டாம், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்ற பரிந்துரைகளுக்கே எத்தனை எதிர்ப்பு வந்தது என்பதைப் பார்த்தோம்.

திட்டக்குடியையும் சொல்ல வேண்டும். 2014இல் இங்கே பள்ளி மாணவிகள் இருவர் பலரால் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்ட வழக்கில், 2019 ஜனவரியில்தான் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைத் தண்டித்தது. திட்டக்குடி தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கென்று ஓர் இருக்கை உண்டு, நம் பிள்ளைகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஒழுங்கான பேருந்து உண்டா என்று அந்த இருக்கையிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் கையில் சில கருவிகள் இருக்கின்றன. யு.ஜி.சி.யின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியரையே குற்றவாளியாக்குகிறது. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் நிலையத்தில் அந்தப் பிரிவின் எண்ணை உரக்கச் சொல்லுங்கள். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதி மறுப்பு இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்றது. கடலூர் மாவட்டத்தில் அந்தப் பிரிவின் கதவு எங்கே இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மனுவும் பத்து ரூபாயும் போதும்.

2025 ஜூலையில் நெல்லையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை தரும் ஆணையத்தை அரசு அறிவித்தது. 2003 ஜூலையில் விருத்தாசலத்தில் பதிவாகாமல் போன அந்தப் புகாருக்கு 22 வயது ஆகியிருந்தது.