மதுக்கூட உரிமமும் முன்னறிவிப்பும்

மதுக்கூடத்தின் உரிமத்தை நிறுத்திவைப்பதற்கோ ரத்து செய்வதற்கோ முன், புகார் இன்னது என்று உரிமதாரருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்ற சட்டநெறி. இங்கிலாந்திலும் அதன் சட்ட மரபைத் தழுவிய நாடுகளிலும் இது வேரூன்றியுள்ளது. மற்றத் தொழில்களைவிட மதுத்தொழிலில் இது தாமதமாகவே நிலைபெற்றது. மது விற்பது யாருடைய உரிமையும் அல்ல, அரசு தரும் சலுகை; சலுகையைப் பறிக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை என்ற வாதம் நெடுங்காலம் குறுக்கே நின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1890இல் கிரௌலி எதிர் கிறிஸ்டென்சன் வழக்கில், மது விற்பது குடிமகனின் இயல்பான உரிமை அல்ல என்றே சொன்னது.

இங்கிலாந்தில் ஏல் என்னும் தானிய மது விற்கும் கடைகளுக்கு 1552ஆம் ஆண்டுச் சட்டம் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. உரிமம் கொடுப்பவர்கள் உள்ளூர் சமாதான நீதிபதிகள். ஒழுங்காக நடத்துவேன் என்று கடைக்காரர் பிணைமுறி எழுதித் தர வேண்டும். கடையை மூட வைப்பதும் நீதிபதிகளின் விருப்பம்தான்.

முன்னறிவிப்புக்கு நாள்கணக்கு வந்தது 1872ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில். உரிமத்தின் புதுப்பித்தலை எதிர்க்க நினைப்பவர், உரிமம் வழங்கும் நீதிபதிகளின் ஆண்டுக் கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பாகவே உரிமதாரருக்கு நோட்டீஸ் தந்தாக வேண்டும். எதிர்ப்பின் காரணத்தையும் அதில் சொல்ல வேண்டும் என்று 1874ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. காரணம் சொல்லாத நோட்டீஸை வைத்துக்கொண்டு எதற்குப் பதில் எழுதுவது? ஆனாலும் புதுப்பித்தல் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு 1891இல் ஷார்ப் எதிர் வேக்ஃபீல்டு தீர்ப்பு அதிர்ச்சி தந்தது. விடுதி ஒதுக்குப்புறத்தில், போலீஸ் கண்காணிப்புக்கு எட்டாமல் இருக்கிறது என்பதற்காகக்கூட மறுக்கலாம் என்றது பிரபுக்கள் சபை. ஆனால் அந்த விருப்புரிமை நியாயத்தின்படி இயங்க வேண்டும், மனம்போன போக்கில் அல்ல என்றும் சொன்னது. பிற்காலத்து வழக்கறிஞர்கள் பற்றிக்கொண்டது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

இத்துறையில் மிகவும் பேசப்பட்ட வழக்கு கனடாவின் ரொன்கரெல்லி எதிர் டுப்ளெசி. மொன்றியல் நகரின் கிரெசென்ட் தெருவில் ஃபிராங்க் ரொன்கரெல்லி நடத்திய உணவகத்துக்கு 34 ஆண்டுகளாக மது உரிமம் இருந்தது. கடை நடத்தியதில் அவர்மீது குறை இல்லை. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த அவர், அனுமதியின்றித் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததாகக் கைதான சக விசுவாசிகளுக்காகச் சுமார் 380 முறை ஜாமீன் நின்றிருந்தார். கியூபெக் மாநிலப் பிரதமரும் தலைமைச் சட்ட அதிகாரியுமான மொரீஸ் டுப்ளெசிக்கு இது பொறுக்கவில்லை; உரிமத்தை ரத்து செய்யச் சொன்னார். 1946 டிசம்பர் 4 அன்று மதிய உணவு நேரத்தில் அதிகாரிகள் நுழைந்து மதுப்புட்டிகளை அள்ளிச் சென்றார்கள். முன்னறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. இனி என்றைக்கும் அவருக்கு உரிமம் கிடையாது என்றும் அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் உணவகம் மூடப்பட்டது.

உரிமம் வழங்கும் மது ஆணையம் தன் விருப்பப்படி உரிமத்தை ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனாலும் ரொன்கரெல்லி டுப்ளெசிமீது வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றம் 8,123.53 டாலர் இழப்பீடு வழங்க, மேல்முறையீட்டில் அது பறிபோனது. 1959 ஜனவரி 27 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரொன்கரெல்லிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துத் தொகையை 33,123.53 டாலராக உயர்த்தியது. ஒரு சட்டம் எந்த நோக்கத்துக்காக அதிகாரம் தருகிறதோ, அதற்கு வெளியே அதைப் பயன்படுத்த முடியாது என்று நீதிபதி ஐவன் ராண்ட் விளக்கினார். ஜாமீன் நிற்பதற்கும் மது விற்பதற்கும் என்ன சம்பந்தம்?

இவ்வழக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. அரசு அலுவலர் தம் பணியில் செய்த செயலுக்காக வழக்குத் தொடுப்பவர் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று கியூபெக் சட்டம் கூறியது. தமக்கு அந்த நோட்டீஸ் வரவில்லை என்று டுப்ளெசி தரப்பு வாதிட்டது! நோட்டீஸே இல்லாமல் ஒருவர் பிழைப்பை முடித்தவர் கேட்ட நோட்டீஸ் அது. எதிர்த்தீர்ப்பு எழுதிய மூவரில் இருவர் இவ்வாதத்தை ஏற்றனர். உரிமத்தை ரத்து செய்யச் சொன்னது அவர் பதவிக்குரிய பணியே அல்ல என்பதால் பெரும்பான்மையினர் அதை நிராகரித்தனர்.

அமெரிக்காவில் 1964இல் ஹார்ன்ஸ்பி எதிர் ஆலன் வழக்கில், அட்லாண்டா நகரம் மது உரிமத்தை மறுக்கும்போதும் முறையான விசாரணை தேவை என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1978இல் இங்கிலாந்து நீதிபதி மெகாரி, புதிதாக உரிமம் கேட்பவரையும் கையிலிருப்பதை இழக்கப்போகிறவரையும் வேறுபடுத்தினார். குத்துச்சண்டை மேலாளர் உரிமம் பற்றிய வழக்கு அது என்றாலும், இழப்பவருக்கே நோட்டீஸும் விசாரணையும் முதலில் உரியவை என்ற அதன் தர்க்கம் மதுக்கூடங்களுக்கும் பொருந்துகிறது.

அவசரநிலை விதிவிலக்காகவே நீடிக்கிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து என்றால் முதலில் உரிமத்தை நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிக்க நியூயார்க் மாநிலச் சட்டம் இடம் தருகிறது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடுங்குற்றமோ பெருங்கலவரமோ நடக்கும் இடம் என்று உயர் போலீஸ் அதிகாரி சான்றளித்தால், உரிமதாரரைக் கேட்காமலே உள்ளாட்சி மன்றம் தற்காலிகத் தடை விதிக்கலாம். அவர் ஆட்சேபித்தால் 48 மணி நேரத்துக்குள்ளும், முழு மறுஆய்வுக்காக 28 நாளுக்குள்ளும் விசாரணை கூட வேண்டும். 2016 ஆகஸ்டில் லண்டனின் ஃபேப்ரிக் இரவு விடுதி இவ்வழியில்தான் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் உரிமமும் ரத்தானது. புதிய நிபந்தனைகளை ஏற்று 2017 ஜனவரியில் மீண்டும் திறந்தது. அந்தத் தற்காலிகத் தடை எதுவரை நீளும் என்ற குழப்பத்தைத் தீர்க்க, மறுஆய்வு விசாரணையிலேயே அதையும் பரிசீலித்தாக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தம் செய்தது.