துணைக் கேள்வி வந்த வழி

இந்திய நாடாளுமன்றம் கூடும் நாள்களில் மக்களவையின் முதல் ஒரு மணி நேரம், காலை 11 முதல் 12 வரை, கேள்விகளுக்கானது. அரசு என்ன செய்தது, ஏன் செய்தது, எவ்வளவு செலவிட்டது என்பதை உறுப்பினர் கேட்பார். துறை அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்பவர் ஆளும் கட்சிக்காரராகவும் இருக்கலாம், எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். இந்த உரிமை ஒரே நாளில் கிடைத்ததில்லை. 1892இல் ஒரு பகுதி, 1909இல் இன்னொரு பகுதி, 1919இல் மற்றொன்று என்று துண்டு துண்டாக வந்தது. இவற்றுள் கடைசியாக வந்ததும் ஆட்சியாளர்கள் கொடுக்க மிகவும் தயங்கியதும், பதிலைக் கேட்டதும் அங்கேயே அடுத்து எழுப்பும் துணைக் கேள்விக்கான உரிமைதான்.

இம்முறையின் வேர் பிரிட்டனில் இருக்கிறது. தென்கடல் நிறுவனத்தின் பங்குகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் சொத்திழந்த பின், அந்நிறுவனத்தின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிப்போனார். அவர் பிடிபட்டுவிட்டார் என்ற பேச்சு உண்மையா என்று 1721 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு அரசைக் கேட்டார். பதிவான முதல் நாடாளுமன்றக் கேள்வி அதுவே என்பர். பணம் எங்கே போனது என்ற விசாரிப்பில் தொடங்கிய மரபு இது. பின்னாளில் இந்தியாவில் ஒரு நிதியமைச்சரின் பதவி போனதும் அதே வகைக் கேள்வியால்தான். 1835 முதல் பிரிட்டிஷ் பொதுச் சபையின் அலுவல் தாளில் கேள்விகள் முன்கூட்டியே அச்சாயின.

இந்தியாவில் 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கல்கத்தாவில் 12 பேர் கொண்ட சட்டமன்றம் அமைந்தது. எல்லோரும் அதிகாரிகளும் நீதிபதிகளுமே; இந்தியர் ஒருவரும் இல்லை. இருந்தும் அவர்கள் சட்டம் இயற்றுவதோடு நிற்காமல் நிர்வாகத்தின் செயல்களையும் விசாரிக்கத் தலைப்பட்டார்கள். குட்டி நாடாளுமன்றம் ஒன்று உருவாவதை லண்டன் விரும்பவில்லை. 1861ஆம் ஆண்டு இந்தியச் சபைகள் சட்டம் சபையின் வேலையைச் சட்டம் இயற்றுவதோடு கட்டிப்போட்டது. அடுத்த முப்பது ஆண்டுகள் கேள்விக்கே இடமில்லை.

1885இல் தோன்றிய காங்கிரஸ், சபைகளில் கேள்வி கேட்கும் உரிமையைத் தொடக்கம் முதலே கோரியது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் அதை அளந்து கொடுத்தது. முன்னறிவிப்போடு கேட்கலாம், தலைவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம், பதில் வந்த பிறகு அதைப் பற்றி விவாதம் கூடாது, துணைக் கேள்வியும் கூடாது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கும் அவர்களுடைய பரிவாரத்துக்கும் பண்டங்கள் கொடுத்தே கிராமக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியதுதான் அச்சட்டத்தின்கீழ் எழுந்த முதல் கேள்வி. கேட்டவர் பின்கா அரசர், ஆண்டு 1893. ஒரு ஜமீன் அரசர் வாய்திறந்த முதல் தருணத்தில் சிற்றூர்க் கடைக்காரரின் முறையீட்டைப் பேசியது இந்த மரபுக்குப் பெருமை சேர்க்கிறது.

துணைக் கேள்வி இல்லாத கேள்வியில் அரசுக்கு ஆபத்து குறைவு. கேள்வி முன்பே தெரியும். செயலகத்தில் ஒருவர் வரைவு எழுதுவார், மேலதிகாரி திருத்துவார், உறுத்தும் எண்கள் உதிர்ந்துபோகும். அமைச்சர் படித்துவிட்டு உட்காரலாம். பதிலைக் கேட்ட பிறகு அதே இடத்தில் எழும் அடுத்த கேள்விக்குத் தாளில் விடை இருக்காது. துறையை அறிந்தவர்தான் அதற்கு நின்று பதில் சொல்ல முடியும். 1909ஆம் ஆண்டு மிண்டோ–மார்லி சீர்திருத்தம் கேள்வியைக் கொடுத்த உறுப்பினர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மற்ற உறுப்பினர்களுக்கும் அவ்வுரிமை விரிந்தது. 1921இல் புதிய மத்திய சட்டசபை கூடியபோது அமர்வின் முதல் மணி கேள்விகளுக்கு ஒதுக்கப்பட்டது. வாய்மொழியாகப் பதில் வேண்டும் கேள்விக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கமும் அப்போது வந்ததே.

அந்தச் சபையால் அரசைக் கவிழ்க்க முடியாது. வெட்டிய மானியத்தை வைஸ்ராய் தம் அதிகாரத்தால் மீட்டுக்கொள்ளலாம், தோற்ற மசோதாவைச் சான்றளித்துச் சட்டமாக்கலாம். வைஸ்ராயால் திருப்பி எழுத முடியாதது கேள்வி நேரப் பதிவு ஒன்றுதான். இதை முழுக்க உணர்ந்து பயன்படுத்தியவர் தீரர் சத்தியமூர்த்தி. 1934 தேர்தலில் வென்று டெல்லி சென்ற அவர், சட்டசபைக் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக அமர்ந்து, கேள்வி நேரத்தைத் தம் களமாக்கிக்கொண்டார். துணைக் கேள்விகளுக்காகவே அவர் பெயர் நாடெங்கும் பரவியது. மேடையில் அவர் ஆற்றிய உரைகளைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு நிகராகவே டெல்லியில் அவர் எழுப்பிய சிறு கேள்விகளையும் வைத்துப் பார்க்க வேண்டும்; கேள்வி நேரத்தை இந்தியர் கையில் ஒரு கருவியாக மாற்றியதில் அவருக்குத் தனி இடம் உண்டு.

விடுதலைக்குப் பின் வந்த முதல் சோதனை உறுப்பினர்கள் பக்கத்திலிருந்தே வந்தது. பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காகக் கேள்வி கேட்டார் என்ற குற்றச்சாட்டு 1951இல் தற்காலிக நாடாளுமன்ற உறுப்பினர் எச்.ஜி. முட்கல் மீது எழுந்தது. விசாரிக்க அமைந்த குழுவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உறுதியானது. வெளியேற்றும் தீர்மானம் நிறைவேறும் முன் முட்கல் பதவி விலகினார். அவர் வெளியேற்றத்துக்கே உரியவர் என்று அவை பதிவு செய்தது. கேள்வி அவ்வளவு மதிப்புள்ளதாக இருந்ததால்தான் அதை விலைக்கு வாங்க ஆள் இருந்தது. 2005 டிசம்பரில் தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் மறைகேமராவில் சிக்கி 11 உறுப்பினர்கள், மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவரும், பதவி இழந்ததும் இதே குற்றத்துக்குத்தான்.

முட்கல் விவகாரத்துக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நிதியமைச்சராக, கேள்வியின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். 1956இல் அரசு அமைத்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், அடுத்த ஆண்டு கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அந்நிறுவனங்களின் நிலை அப்போது நன்றாக இல்லை. கழகத்தின் முதலீட்டுக் குழுவும் முறைப்படி கலந்தாலோசிக்கப்படவில்லை. 1957 செப்டம்பரில் காங்கிரஸ் உறுப்பினர் ராம் சுபக் சிங் இதைப் பற்றி மக்களவையில் கேட்டார். அரசின் பதில் விஷயத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நழுவியது. நவம்பரில் கேள்வி திரும்பி வந்தது. துணைக் கேள்விகள் தொடர்ந்தன. பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. டிசம்பர் 16 அன்று அதே கட்சியின் பெரோஸ் காந்தி ஆவணங்களோடு எழுந்து ஆற்றிய உரை அரசை விசாரணைக்கு இணங்க வைத்தது.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொடுத்தார். துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்பது அவருடைய முடிவு. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார். கேட்டவரும் ஆளும் கட்சி, துருவியவரும் ஆளும் கட்சி, அதுவும் பிரதமரின் மருமகன். கேள்வி நேரம் எதிர்க்கட்சிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று இந்திய வரலாற்றில் இல்லை.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’, ‘அரசின் பரிசீலனையில் இருக்கிறது’ என்ற வாசகங்கள் கேள்வி நேரத்தில் நாள்தோறும் ஒலிப்பவை. சொன்னதோடு மறந்துவிடுவது எளிது. இதைத் தடுக்க 1953இல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு அமைந்தது. மாநிலங்களவையில் 1972இல் வந்தது. இத்தகைய வாசகங்கள் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும்; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; தவறினால் துறை அதிகாரிகள் குழுவின் முன் வந்து விளக்க வேண்டும். வெளியில் அதிகம் தெரியாத இந்தக் குழு இல்லாவிட்டால் பாதிப் பதில்கள் காற்றோடு போயிருக்கும். அமைச்சர் தந்த தகவல் தவறு என்று கருதும் உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதித் திருத்தம் கோரவும் விதியில் வழி உண்டு.

இன்றைய நடைமுறையில் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுக்க வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு தொகுதி பதில் சொல்கிறது. எந்தக் கேள்வி முந்தும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. மக்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. எழுத்துப் பதில் மட்டும் பெறும் குறியிடாத கேள்விகள் 230. முன்னவை பச்சைத் தாளிலும் பின்னவை வெள்ளைத் தாளிலும் அச்சாகி வந்தன. சொந்தக் கருத்தைக் கேட்பது, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடுவது, தனிமனிதரின் நடத்தையைக் கிளறுவது ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. சபாநாயகர் அழைத்ததும் உறுப்பினர் தம் கேள்வியின் எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர் பதிலை மேசையில் வைப்பார். பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள், அடுத்து மற்றவர்களுக்கு. ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நான்கைந்து கேள்விகளைத்தான் எட்ட முடிகிறது. எட்டாதவற்றின் பதில்கள் எழுத்துப் பதில்களாக மேசைக்குப் போகும்.

அமளியும் உறுப்பினர்கள் வராமையும் இந்த ஒரு மணியைத் தின்றுவிடும் நாள்கள் உண்டு. 2009 நவம்பர் இறுதியில், பட்டியலில் பெயர் இருந்தவர்களில் பலர் வராததால் மக்களவையில் கேள்வி நேரம் பாதியிலேயே நின்றது. அதைத் தொடர்ந்து, கேட்டவர் இல்லாவிட்டாலும் மற்றவர்கள் துணைக் கேள்வி எழுப்பும்படி மாநிலங்களவை விதியைத் திருத்தியது. அமளியிலிருந்து காப்பாற்ற அதே அவை 2014 நவம்பரில் கேள்வி நேரத்தை நண்பகல் 12 மணிக்கு மாற்றியது. 1994 டிசம்பர் முதல் டெல்லியில் கேள்வி நேரம் நேரடியாக ஒளிபரப்பாகிறது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2022 ஜனவரியில்தான் அது நடந்தது. தன் தொகுதி உறுப்பினர் என்ன கேட்டார், அமைச்சர் எப்படிச் சமாளித்தார் என்பதை வாக்காளர் கண்ணால் பார்க்க இவ்வளவு காலம் ஆனது வருத்தத்துக்குரியது.

இந்த ஒரு மணி நேரத்தையே எடுத்துவிட்ட காலங்களும் உண்டு. 1962 சீனப் போரின்போது கேள்வி நேரம் நிறுத்தப்பட்டது. நெருக்கடி நிலை அறிவித்தபின் 1975 ஜூலையில் கூடிய கூட்டத்தொடரில் அரசின் அலுவல் மட்டுமே நடக்கும் என்று தீர்மானித்து, கேள்வி நேரத்தை விலக்கினார்கள். போர்க்காலத்தில் எல்லையைப் பற்றி வெளிப்படையாகக் கேட்க முடியாது என்ற வாதத்துக்காவது ஓரளவு பொருள் இருக்கிறது. தலைவர்கள் சிறையிலும் செய்தித்தாள்கள் தணிக்கையிலும் இருந்த 1975இல் கேள்வியையும் மூடியதற்கு எந்த நியாயமும் இல்லை.

2020 செப்டம்பர் 14 அன்று கொரோனா காலக் கூட்டத்தொடர் தொடங்கியபோது மீண்டும் கேள்வி நேரம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின் எழுத்துப் பதில்களுக்கு மட்டும் அரசு ஒப்புக்கொண்டது. முதல் நாளே, பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அத்தகைய விவரம் பேணப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. ஏன் பேணவில்லை, மாநிலங்களைக் கேட்டார்களா, ரயில்வேயிடம் உள்ள கணக்கு என்ன என்று அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேட்க அன்று எவருக்கும் வழி இருக்கவில்லை. அந்த ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் கூடவே இல்லை. கேள்வி நேரமும் அதனுடன் துணைக் கேள்வியும் 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில்தான் திரும்பின.