ஹீராஸ் பாதிரியாரின் வரலாற்றுப் பணி

சிந்துவெளி நாகரிகம் திராவிட நாகரிகமே என்று நிலைநாட்ட எழும் சொற்பொழிவாளர் எவரும் ஹீராஸ் பாதிரியாரின் பெயரை ஒருமுறையேனும் சொல்லாமல் அமர்வதில்லை. கிட்வாய் நகரில் நாம் கூடும் இலக்கியக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. தமிழரல்லாத ஒருவர், அதிலும் ஐரோப்பியத் துறவி ஒருவர், நம் தொன்மையைப் பறைசாற்றினார் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமிதம். ஆயினும் அவர் யார், எங்குப் பணியாற்றினார், சிந்துவெளி முத்திரைகளைக் கையிலெடுக்கு முன் எவற்றை எழுதினார் என்று வினவின், விடை கூறுவார் மிகச் சிலரே. மேற்கோளில் பெயர் வாழ்கிறது. ஆளும் பணியும் மறைந்துபோயின. ஹீராஸை நாம் எதற்காகப் போற்றுகிறோமோ அதில் அவர் நிறுவியது குறைவு. எதனை மறந்தோமோ அதில் அவர் நிறுவியது மிகுதி. இதனைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்றிக் ஹீராஸ் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் பிறந்தார். இளமையிலேயே இயேசு சபையிற் சேர்ந்து, 1920இல் குருப்பட்டம் பெற்றார். பம்பாயில் 1869இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியை அதுவரை நடத்தி வந்தவர்கள் ஜெர்மானியத் துறவியர். முதல் உலகப் போர் மூண்டதும் அவர்கள் பகைநாட்டவராயினர். நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் விட்டுச்சென்ற இடங்களை நிரப்ப ஸ்பெயினிலிருந்து வந்தவர்களுள் ஒருவராக 1922இன் இறுதியில் ஹீராஸ் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினார். இந்திய வரலாறு தமக்கு அறவே புதிது என்பதாலேயே அதனைக் கற்பிக்கத் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், முப்பத்து நான்கு வயதில் முற்றிலும் புதிய துறையொன்றில் அவர் அரிச்சுவடி தொடங்கினார் என்பது உண்மை. வந்து ஐந்தாண்டுகள் நிரம்புமுன் பெருநூல் ஒன்றை வெளியிட்டார் என்பதும் உண்மை.

அந்நாளில் கல்லூரி வரலாற்றுப் பாடம் என்பது பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதிய பாடநூலை ஒப்புவிப்பதே. ஹீராஸ் இதற்கு உடன்படவில்லை. 1926இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைக் கல்லூரிக்குள்ளேயே நிறுவினார். நூல்கள், நாணயங்கள், சிற்பங்கள், கையெழுத்துப் படிகள் ஆகியவற்றைத் தேடித் தொகுத்தார். அதே ஆண்டில், வரலாறு எழுதும் முறையைப் பற்றி இந்திய மாணவர்க்கென்றே ஒரு சிறுநூலும் எழுதினார். மூல ஆவணத்தைக் காண்க, அதனை எழுதியவன் யாரெனக் கேட்க, ஏன் எழுதினான் என ஆராய்க, பின்னரே நம்புக என்னும் நெறியைத் தம் மாணவர்க்கு ஊட்டினார். அம்மாணவருள் ஒருவரான ஜார்ஜ் மொரேஸ் 1931இல் வெளியிட்ட கதம்பர் வரலாறு இன்றும் அத்துறையில் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. பேராசிரியர் ஒருவரின் தகுதியை அளக்க, அவர்தம் நூல்களோடு அவருடைய மாணவரின் நூல்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டுமென்பது நம் கருத்து.

ஹீராஸின் முதற் பெருநூல் 1927இல் சென்னையில் அச்சாயிற்று. விஜயநகரத்தை ஆண்ட அரவீட்டு மரபினரின் வரலாறு அது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது, அத்துடன் பேரரசும் முடிந்தது என்பதே பொதுவாக நிலவிய எண்ணம். 1900இல் ராபர்ட் சிவெல் எழுதிய நூலுக்கு 'மறக்கப்பட்ட பேரரசு' என்று பெயர். மறக்கப்பட்ட அப்பேரரசின் மேலும் மறக்கப்பட்ட பிற்பகுதியை ஹீராஸ் எடுத்துக்கொண்டார். பெனுகொண்டாவிலும் சந்திரகிரியிலும் வேலூரிலும் அரசு எவ்வாறு தொடர்ந்தது, மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் எவ்வாறு படிப்படியாகத் தனியாட்சி பெற்றனர் என்பவற்றை, 1614இல் வேங்கடபதி தேவராயர் மறைந்தது வரை எழுதினார். தமிழகத்தின் நாயக்கர் காலத்தை அறிய விழைவோர்க்கு இந்நூல் இன்றியமையாதது.

இதில் ஹீராஸுக்கு மட்டும் வாய்த்த கருவி ஒன்றுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914 முதல் 1929 வரை வரலாற்றுப் பேராசிரியராயிருந்த கிருஷ்ணசாமி அய்யங்காரும், அவருக்குப்பின் அப்பதவியேற்ற நீலகண்ட சாஸ்திரியாரும் கல்வெட்டுகளையும் இலக்கியங்களையும் துருவி ஆராய்ந்தனர். ஹீராஸ் அவற்றோடு இயேசு சபைத் துறவியர் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களையும் சேர்த்துக்கொண்டார். போர்த்துக்கீசியத்திலும் இலத்தீனிலும் இருந்த அக்கடிதங்கள் நம் அறிஞர் பலர்க்கு எட்டாதவை. அவருக்கோ வீட்டுச் சொத்து.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்வோம். 1597 வாக்கில் நிக்கொலாஸ் பிமெந்தா என்னும் துறவி செஞ்சி சென்றார். அங்குக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். தில்லையில் கோவிந்தராசப் பெருமாள் கோயில் திருப்பணியை நாயக்கர் மேற்கொண்டதும், நடராசர் கோயில் அந்தணர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்ததும், நாயக்கர் இணங்காமை கண்டு அவர்களுட் சிலர் கோபுரத்தின் மேலேறிக் கீழே குதித்து உயிர்விட்டதும் பிமெந்தாவின் எழுத்தால் நமக்குத் தெரியவருகின்றன. திருப்பணி செய்த மன்னனின் கல்வெட்டு இதனைப் பொறிக்குமா? கொடையைச் சொல்லும், நிலத்தின் எல்லையைச் சொல்லும், கோபுரத்திலிருந்து விழுந்தவனைச் சொல்லாது. அரச சாசனத்தையும் அயலான் கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வழியை ஹீராஸின் நூல் நமக்குக் காட்டிற்று.

அயலான் கடிதத்திலும் கண்ணாடியின் நிறம் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. எழுதியவர் துறவி, படித்து ஆராய்ந்தவரும் அதே சபைத் துறவி. 1933இல் இயேசு சபையாரின் மதமாற்றக் கொள்கையைப் பற்றி ஹீராஸ் எழுதிய நூலில், சபைமீது சுமத்தப்பட்ட குற்றங்களுக்கு விடையிறுக்கும் வழக்கறிஞரின் குரல் கேட்கிறது. அதனைப் படிப்போர் ஆசிரியர் மாணவர்க்குக் கற்பித்த ஐய நெறியை ஆசிரியர் மேலேயே செலுத்திப் படித்தல் தகும்.

1929இல் விஜயநகரத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் வெளியிட்ட சொற்பொழிவு நூல் பெரும் பூசலைக் கிளப்பிற்று. வித்தியாரண்யர் அருளால் பேரரசு தோன்றிற்று என்னும் மரபுக் கதை பிற்காலத்தில் சிருங்கேரி மடத்தாரால் புனையப்பட்டது என்றும், பேரரசின் வேர் ஹொய்சள அரசன் மூன்றாம் வல்லாளனிடம் உள்ளது என்றும் அவர் வாதிட்டார். இதனை ஏற்றவரும் உண்டு, மறுத்தவரும் உண்டு. 1931இலும் 1933இலும் பல்லவர் மரபுவழியையும் வரலாற்றையும் ஆராய்ந்து இரு நூல்கள் எழுதினார். செப்பேட்டுக்குச் செப்பேடு மாறுபடும் பல்லவர் பெயர் வரிசைகளை ஒரே கொடிவழியாக இணைக்க முயன்றது துணிவான செயல். பின்னர்க் கிடைத்த செப்பேடுகள் அவ்விணைப்புகளை மறுபரிசீலனை செய்யவைத்தன.

இனிச் சிந்துவெளிக்கு வருவோம். ஹீராஸ் இந்தியா வந்த ஈராண்டுகளில், 1924இல், மொகஞ்சதாரோ, அரப்பா அகழாய்வுகளை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார். 1931இல் மார்ஷலின் பெருந்தொகுதிகள் வெளிவந்தன. அம்மக்களின் மொழி திராவிடமாயிருக்கலாம் என்று மார்ஷலே குறித்திருந்தார். ஹீராஸ் 'இருக்கலாம்' என்பதோடு நிற்கவில்லை. 1930களின் நடுவிலிருந்து முத்திரை எழுத்துகளைப் படித்துவிட்டதாகவே கட்டுரைகள் எழுதலானார். இருபதாண்டு உழைப்பின் பயனாக 1953இல் 'தொல் இந்திய மத்தியதரைப் பண்பாட்டு ஆய்வுகள்' என்னும் பொருள்படும் நூலின் முதற்பாகம் வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த திராவிடர் மேற்கே சென்று சுமேரியா, எகிப்து, கிரீட் வழியாக ஸ்பெயின் வரை நாகரிகம் பரப்பினர் என்பது அவர் கொள்கை. பார்சிலோனாவிற் பிறந்தவர் தம் தாயகத்தையும் தாம் வரித்த நாட்டையும் ஒரே குடியாக இணைத்துவிட்டார் என்று எண்ணும்போது புன்முறுவல் தோன்றாமலில்லை.

கிட்வாய் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஜன்பத்தில், தேசிய அருங்காட்சியகம் உள்ளது. மொகஞ்சதாரோவிற் கிடைத்த பசுபதி முத்திரை அதன் உடைமை. விலங்குகள் சூழ வீற்றிருக்கும் அவ்வுருவத்தை 'ஆண்' என்னும் பெயருடைய இறைவன் என்றார் ஹீராஸ். 'ஆண்டவன்' என்னும் நம் சொல்லோடு அதனை உறவுபடுத்தினார். இராசிகள் அக்காலத்தில் எட்டே என்றும் கூறினார். கேட்பதற்கு இனியவை. ஆனால் மெய்ப்பிக்கும் வழி யாது? இருமொழிப் பொறிப்பு ஒன்றும் கிடைத்திலது. முத்திரை வாசகம் ஒன்றில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. ஒவ்வொரு குறிக்கும் ஒரு முழுச் சொல்லைக் கொடுத்து, அச்சொல்லைத் தமிழிலிருந்தோ கன்னடத்திலிருந்தோ துளுவிலிருந்தோ வேண்டியவாறு எடுத்துக்கொண்டால், எவ்வாசகமும் ஏதேனும் ஒரு பொருள் தராமற் போகாது. மூலத்தைக் கண்டபின் நம்புக என்று 1926இல் மாணவர்க்கு எழுதியவர், தம் வாசிப்பைச் சோதிக்க வேறெவர்க்கும் வழி வைக்கவில்லை. அவர் தந்த வாசிப்புகளை இன்று எந்த ஆய்வாளரும் முழுமையாக ஏற்பதில்லை.

அத்தனையும் வீண்போயிற்றா எனின், அன்று. மீன் வடிவக் குறி ஒன்று முத்திரைகளில் அடிக்கடி வருகிறது. அதனை 'மீன்' என்றே ஹீராஸ் படித்தார். நீரில் வாழ்வதும் மீன். வானில் மின்னுவதும் மீன். திராவிட மொழிகளில் ஒரே ஒலி இரு பொருளையும் தாங்குகிறது. ஆறு கோடுகளோடு வரும் மீனை 'அறுமீன்' எனக் கொண்டால் கார்த்திகைக் கூட்டமும், ஏழு கோடுகளோடு வருவதை 'எழுமீன்' எனக் கொண்டால் சப்தரிஷி மண்டலமும் பெறப்படும். இவ்விரு சொற்களும் நம் சங்க நூல்களில் அப்பொருளிலேயே ஆளப்பட்டவை. பின்வந்த பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா தம் ஆய்வைத் தொடங்கும் இடம் இதுவே. இக்கருத்தை முதலிற் கண்டவர் ஹீராஸ் என்று அவர் வெளிப்படையாகவே குறித்துள்ளார். பர்ப்போலாவுக்கு 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது வழங்கி நாம் மகிழ்ந்தோம். ஐராவதம் மகாதேவன் 1977இல் 417 குறிகளையும் 2906 வாசகங்களையும் வரிசைப்படுத்திய தொகுதியை வெளியிட்டார்; வாசிக்கத் துணியுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பொறுமையின் பயன் அது. இக்குறிகள் எழுத்தே அல்ல என்று 2004இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் வாதிட்டதும், 2025 சனவரியில் தமிழக முதல்வர் இவற்றைப் படித்தறிவார்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் புதிர் அவிழவில்லை என்பதற்கே சான்றாகும். எனவே ஹீராஸ் பாதிரியார் அன்றே நிறுவிவிட்டார் என மேடையில் முழங்குவது அவர்க்கும் பெருமையன்று, நமக்கும் பெருமையன்று.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் அவர் பம்பாயில் மறைந்தார். அரவீட்டு மரபு நூலின் இரண்டாம் பாகம் அவர் கையால் வரவில்லை. சிந்துவெளி நூலின் இரண்டாம் பாகத்தையும் அவர் கண்ணாற் கண்டிலர். அவர் நிறுவிய கழகத்திற்குப் பின்னர் அவர் பெயரே சூட்டப்பட்டது; 1981இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கழகத்தின் பொறுப்பை அவருக்குப்பின் ஏற்றவர், அதே சபையைச் சேர்ந்த ஜான் கொரயா அபோன்சோ. அவர் எழுதிய நூலொன்றை ஹீராஸ் மறைந்த அதே 1955இல் கழகம் வெளியிட்டது. இயேசு சபைக் கடிதங்கள் யாரால், யாருக்காக எழுதப்பட்டன, படியெடுக்கும்போதும் அச்சிடும்போதும் அவற்றில் என்னென்ன மாற்றப்பட்டன, வரலாற்றாசிரியன் அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அந்நூலின் பொருள்.