கும்பிடு வந்த வழி

இரண்டு மஞ்சள் கைகள் உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்து நிற்கின்றன. மணிக்கட்டுக்குக் கீழே நீலச் சட்டைக்கை கொஞ்சம் தெரிகிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இதை யாரும் எமோஜி என்று சொல்லி நான் கேட்டதில்லை. கும்பிடு என்பார்கள். "மாமா கும்பிடு போட்டிருக்காரு", "ஒரு கும்பிடு கூடப் போடல பாத்தீங்களா" என்றுதான் பேச்சு. தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் சாவுச் செய்தி வந்தாலும், பிள்ளை ஓ.எல். பாஸான செய்தி வந்தாலும், கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ் வந்தாலும் அடியில் வரிசையாக விழுவது இதுதான்.

படம் பிறந்தது ஜப்பானில். 1997இல் ஜே-போன் நிறுவனம் 90 சின்னப் படங்களை உள்ளடக்கிய கைபேசி ஒன்றை விற்றது. 1999இல் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேதகா குரிதா 176 படங்களை உருவாக்கினார். பிறகு ஆளுக்கொரு வரிசையாக நிறுவனங்கள் படங்களைப் பெருக்கிக்கொண்டே போக, அவற்றில் கைகூப்பும் ஒன்றாகச் சேர்ந்தது. ஜப்பானியர் கோயிலில் மட்டும் கைகூப்புவதில்லை. உதவி கேட்கும்போதும், மன்னிப்புக் கேட்கும்போதும், சாப்பாட்டில் கை வைக்கும் முன்பும் கூப்புவார்கள். ஒரு நிறுவனத்தின் படம் இன்னொரு நிறுவனத்தின் போனில் சரியாகத் தெரியாத சிக்கலைத் தீர்க்க, எல்லாவற்றுக்கும் பொது எண் கொடுக்கும் வேலையை யூனிகோட் அமைப்பு எடுத்துக்கொண்டது. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோட் 6.0 பட்டியலில் இது 'கைகூப்பிய ஆள்' என்ற பெயரில் ஏறியது. ஆப்பிள் நிறுவனம் ஆளை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வரைந்து, பின்னால் மஞ்சள் ஒளிக்கதிர்களையும் போட்டிருந்தது. அதைப் பார்த்த மேற்கத்தியர் பலர், இரண்டு பேர் உற்சாகத்தில் கையோடு கை அடித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, இது பிரார்த்தனையா கைதட்டலா என்று வருடக்கணக்கில் வாதம் செய்தார்கள். நமக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

இந்தப் படம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராவுக்கென்று ஒரு முகவரி பல தலைமுறைகளுக்கு இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது பிரட்டுக் களத்துக்கோ கொழுந்து மலைக்கோ கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இதன் மேல் 1964 வந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியது. அந்த எண்ணிக்கைக்குள் அகப்பட்டவர்கள் யார் யாருடைய அண்ணன், யாருடைய மகள் என்று எழுதவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் மூட்டை முடிச்சுகளோடு ஏறியவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. கடல் கடந்து போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கூடை சுமந்தார்கள். இங்கே நின்ற குடும்பம் அங்கே போன குடும்பத்துக்கு எழுதிய கடிதம் இரண்டு தோட்டத்து ஆபீசுகளைத் தாண்ட வேண்டும். 'இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்த கடிதங்கள் மெல்ல மெல்ல நின்றுபோயின.

ஆகவே போன் நம்பர்தான் பல குடும்பங்களுக்கு லயத்து வாசல்வரை நேரே வந்த முதல் முகவரி. யாரையும் கேட்காமல், எந்த மேசையிலும் காத்திருக்காமல் செய்தி காம்பராவுக்குள் வந்தது. வந்த செய்திக்குப் பதில் எழுத வேண்டுமே! பள்ளிக்கூடத்தை மூன்றாம் நாலாம் வகுப்போடு விட்டுக் கூடையைத் தூக்கிய பெண்களுக்குச் சின்னத் திரையில் தமிழ் எழுத்தைத் தேடித் தட்டுவது பெரும்பாடு. அவர்கள் 'வாய்ஸ்' அனுப்புவார்கள். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்ற இடத்தில் கும்பிடு போடுவார்கள். அப்படித்தான் இது பெருகியது.

லுணுகலைப் பக்கம் ஒரு டிவிஷனில் பாட்டி ஒருத்தி இறந்தால் இன்று நடப்பதைச் சொல்கிறேன். முன்பு எழவு சொல்ல ஆள் புறப்பட்டு மலை ஏறி இறங்கித் தோட்டம் தோட்டமாகப் போவார். இப்போது படத்தோடு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் குரூப்பில் விழுகிறது. வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் பேரன் முதல் கும்பிடு. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு கும்பிடுகள், பிறகு நீண்ட வாய்ஸ். கோத்தகிரியில், பாட்டியை ஒருநாளும் பார்த்திராத தம்பி வழிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று. மரண சகாய சங்கத்துச் செயலாளர் ஒன்று போட்டுவிட்டு, பணத்துக்கு யார் வருவது என்று கேட்கிறார். மாலைக்குள் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டுக்கு வராதவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வார்களோ, அப்படியே இதையும் வைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு எழுதப்படாத சட்டங்களும் உண்டு. சாவுச் செய்திக்குக் கட்டைவிரல் போடக்கூடாது. போட்ட பையனைத் தனியே அழைத்துத் திட்டுவார்கள். 2022 மே மாதம் வட்ஸ்அப், செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு படத்தை ஒட்டிவிடும் வசதியைக் கொண்டுவந்தபோது முதலில் கொடுத்த ஆறு படங்களில் கைகூப்பும் இருந்தது. பெரியவர்களுக்கு அது போதவில்லை. ஓரத்தில் ஒட்டிய கும்பிடு கணக்கில் வராது, தனி வரியில் வர வேண்டும் என்பார்கள். நானும் அதே கட்சிதான்.

கைகூப்புவதில் தோட்டத்துக்கு ஒரு பழைய கசப்பும் இருக்கிறது. துரை வரும் பாதையில் ஒதுங்கி நின்று, தலைத்துண்டைக் கையில் எடுத்து, "சலாங்க தொரை" என்று குனிய வேண்டியிருந்த காலம் நம் பாட்டன்மாரின் காலம். அந்த வணக்கம் ஒருபக்கமாகவே போனது, திரும்பி வந்ததில்லை. குரூப்பில் போடும் கும்பிடு அப்படியல்ல. கொழுந்தெடுக்கும் அக்கா போட்டால் டீச்சர் திருப்பிப் போடுகிறார். தலைவர் போட்டால் லயத்துச் சின்னப் பையனும் போடுகிறான். பணிய வைக்கப்பட்ட கைகளே இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

சிங்கள அயலவரோடு சேர்ந்திருக்கும் குரூப்களிலும் இது உதவுகிறது. ஆயுபோவன் சொல்பவர்களும் கைகூப்பித்தான் சொல்கிறார்கள். கதிர்காமத்துக் கொடியேற்றப் படம் வந்தால் இரு தரப்பும் கும்பிடு போடுகின்றன. ஒருவர் எழுத்தை மற்றவர் வாசிக்கத் தெரியாத இடத்திலும் இதை இருவரும் வாசிக்கிறார்கள்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கும்பிடு போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண் சரியும் என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் பல இடங்களில் சரிந்தன. இப்போது மழை கனத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்புகள் குரூப்களுக்கு வந்துவிடுகின்றன. மஞ்சள் என்றால் கவனமாயிருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேறிவிட வேண்டும். அந்த அறிவிப்பின் அடியிலும் பழக்கதோஷத்தில் கும்பிடுகள் வரிசையாக விழுகின்றன. பார்த்துவிட்டோம் என்கிறார்களா, சாமி காப்பாற்றட்டும் என்கிறார்களா, இறங்கி வந்துவிட்டோம் என்கிறார்களா என்று தூரத்தில் இருப்பவருக்குப் புரியாது. சிவப்பு அறிவிப்பு வந்த இரவில் கும்பிடு வேண்டாம். எந்த லயம், எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று வாய்ஸில் சொல்லுங்கள். யாராவது உள்ளே இருந்தால் 117க்கு அழையுங்கள்.