ஒரு கரகரப்பின் கதை

மிமிக்ரி பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே கை வைக்கும் குரல்களில் ஒன்று எம்.ஆர்.ராதாவுடையது. தொண்டையை இறுக்கி, அடியில் கரகரவென்று ஆரம்பிக்க வேண்டும். வாக்கியம் முடிவதற்குள் மூக்கு வழியாக உச்சிக்கு ஏறிக் கீச்சிட வேண்டும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இறங்கிவிட வேண்டும். ஒரே ஆள் பேசுவது இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் கேட்டால், குரல் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

அந்தக் குரல் விளைந்தது நாடகக் கொட்டகையில். 1907இல் பிறந்த ராதா, சிறுவனாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர். திருவாரூர் கே.தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. சீமையிலிருந்து திமிரோடு திரும்பும் பணக்காரன் மோகனசுந்தரம், தொழுநோய் கண்டு தெருவுக்கு வருகிற கதை. ராதா எழுதிக்கொடுத்த வசனத்தோடு நிற்கிறவர் இல்லை. அன்றைய செய்தியை இழுப்பார். சாமியை, சாதியை, ஆட்சியை இழுப்பார். கீழே கரகரப்பது கேலி, மேலே கீச்சிடுவது கோபம்.

1954இல் சென்னை மாநில அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தபோது, குறி ராதாதான் என்று பேசிக்கொண்டார்கள். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ‘ரத்தக்கண்ணீர்’ படமாக வந்ததும் அதே ஆண்டில்தான். மேடைக்குப் பூட்டுத் தயாரான நேரத்தில், குரல் படச்சுருளில் ஏறித் தப்பித்துக்கொண்டது.

1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. எம்.ஜி.ஆர் பிழைத்தார், பழைய குரல் திரும்பவில்லை. அதனால் மிமிக்ரி மேடையில் எம்.ஜி.ஆர் இரண்டு பேர்: சுடப்படுவதற்கு முன், சுடப்பட்ட பின். பின்னவருக்கு நாக்குத் தடித்ததுபோல் சொற்களைக் குழைக்க வேண்டும். அந்தக் குரலைச் செய்த கையோடு அடுத்து ராதாவையும் செய்துவிடுவார்கள். வழக்கின் இரு தரப்பும் ஒரே தொண்டையில்!

சிறை சென்று 1971இல் வெளியே வந்த ராதா, 1979இல் மறைந்தார். குரல் நிற்கவில்லை. ‘ரத்தக்கண்ணீர்’ வசனம் ஒலிநாடாவாகச் சுற்றியது. 2003இல் உபேந்திரா நடிக்க, அந்தக் கதை கன்னடத்துக்கும் போனது. கச்சேரி மேடைகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பலகுரல் கலைஞர்கள் ராதாவை அழைத்துவந்தார்கள். 2005இல் விஜய் டிவியில் ‘கலக்கப்போவது யாரு’ தொடங்கிய பிறகு, மிமிக்ரி வரவேற்பறைக்கே வந்துவிட்டது. சிவகார்த்திகேயனையும் ரோபோ சங்கரையும் ஊர் அறிந்தது அந்த மேடையில்தான்.

இந்தப் பயணத்தில் குரல் மட்டும் வந்தது. அது பேசிய பேச்சு வழியிலேயே இறங்கிக்கொண்டது. மிமிக்ரி ராதா காபி கேட்பார், செல்போனில் ராங் நம்பரைத் திட்டுவார், வெளிநாட்டுக் கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்வார். கொடுக்கை ஒடித்த தேளைப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்ததுபோலத்தான் என்று நானும் நெடுநாள் அலுத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் முக்கால் மணி நேரம் பேசி முடித்திருந்தார். அடுத்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மைக்கைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

“என்னது... ஹெச்.எம். பேசி முடிச்சிட்டாரா?” என்று அடித்தொண்டையில் ஆரம்பித்து, “அப்போ இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாமா?” என்று உச்சியில் கீச்சிட்டான். கூட்டம் அலறியது. முன்வரிசையில் தலைமையாசிரியரும் சிரித்தார்.

விழா முடிந்ததும் அவனைப் பிடித்துக் கேட்டேன்: “ரத்தக்கண்ணீர் பாத்திருக்கியாப்பா?”

“அது என்ன சார்? இது டிவில ஒரு அண்ணன் பண்ணுவாரு.”

“அந்த ஜோக் யார் எழுதிக் குடுத்தது?”

“யாரும் இல்ல சார். அவர் பேசிட்டே இருந்தாரா, அப்பத் தோணுச்சு. என் குரல்ல சொன்னா அடி விழும்ல?”