கோணமும் கருமையும்: தொலைக்காட்சித் திரையின் வரலாற்றில் பெங்களூரு

தொலைக்காட்சிப் படத்தின் தரம் என்றவுடன் வண்ணத்தையும் கூர்மையையும் எண்ணுகிறோம். ஆனால் திரைத் தொழில்நுட்ப வரலாற்றின் பெரும்பகுதி கருமையைக் காப்பதற்கான முயற்சியே. கருமை இரு வழிகளில் கெடுகிறது. அறை வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவது ஒன்று. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது திரைக்குள்ளிருந்தே ஒளி கசிவது மற்றொன்று. இரண்டாவது குறையைக் களைந்த வரலாற்றில் பெங்களூருக்கு உரிய இடம் எது என்பதே இப்பதிவின் பொருள்.

முதல் குறையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு திரையின் வெண்மை 300 அலகு, கருமை 0.3 அலகு எனக் கொள்வோம்; விகிதம் 1000:1. அறை விளக்கின் எதிரொளிப்பு இரண்டிலும் 3 அலகைச் சேர்த்தால் அது ஏறத்தாழ 92:1 ஆகச் சரிகிறது. வெண்மையில் மாற்றம் தெரியாது, கருமை சாம்பலாகிவிடும். 1981இல் பெங்களூரில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியபோது வீடுகளில் இருந்த படக்குழாய்ப் பெட்டிகளுக்கு இதுவே பெருங்குறை. பார்வைக்கோணம் அவற்றில் சிக்கலாகவில்லை. ஒளிர்பூச்சு எல்லாத் திசைகளிலும் ஒளியை உமிழ்ந்தது.

கோணச் சிக்கல் திரவப் படிகத் திரையோடு வந்தது. 1971இல் ஷாட், ஹெல்ஃப்ரிச் ஆகியோர் வெளியிட்ட முறுக்கு அமைப்பில், இரு தளவிளைவுத் தகடுகளுக்கிடையே கோல் வடிவ மூலக்கூறுகள் இருக்கும். மின்னழுத்தம் தந்தால் நடுவிலுள்ளவை நிமிர்கின்றன. கண்ணாடியை ஒட்டியவை சாய்ந்தே நிற்கின்றன. நேராகப் பார்ப்பவருக்குத் திரை கருப்பு. சாய்வாகச் செல்லும் ஒளியோ அக்கோல்களால் இரட்டை ஒளிவிலகலுக்கு உள்ளாகி, முழுதும் தடைபடாமல் கசிகிறது.

இதற்கான மருந்தின் வேர், திரையைப் பற்றி எண்ணாத ஓர் ஆய்வில் இருந்தது. 1888இல் ரைனிட்சர் திரவப் படிகத்தைக் கண்டது முதல், கோல் போல் நீண்ட மூலக்கூறுகளே அந்நிலையை அடையும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து 1971இல் இராமன் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தை நிறுவியவர் சி. சந்திரசேகர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். அவரும் பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோரும் பென்சீன் வளையத்தின் ஆறு முனைகளிலும் நீண்ட சங்கிலிகள் கொண்ட வட்டு வடிவச் சேர்மங்களை ஆராய்ந்தனர். அவை நாணய அடுக்குகள் போலத் தூண்களாக நின்று திரவப் படிகமாவதை, 1977இல் பெங்களூரிலிருந்தே வெளிவரும் ‘பிரமாணா’ ஆய்விதழில் அறிவித்தனர்.

அங்கிருந்து திரைக்கு நேர்வழி இல்லை. தூண்களாக அடுங்காமல், ஒரே திசையை மட்டும் நோக்கி நிற்கும் வட்டுகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் கண்டனர். 1990களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அத்தகைய வட்டுகளை மெல்லிய படலத்தில் பூசி, சாய்வு படிப்படியாக மாறுமாறு உறையவைத்தது. வட்டுகளின் இரட்டை ஒளிவிலகல் கோல்களுடையதற்கு எதிர்க்குறி உடையது. ஆகவே கோல்கள் ஏற்படுத்திய பிறழ்வை வட்டுகள் ஈடுசெய்தன. பக்கவாட்டிலும் கருமை பெருமளவு நிலைத்தது. கணினித் திரைகளில் அப்படலம் பரவியது. பெரிய தொலைக்காட்சிகளில் மூலக்கூறுகளை வேறு விதமாக அடுக்கும் முறைகள் பின்னர் மேலோங்கின.

இவ்வரலாற்றை இரு தவறான வடிவங்களில் எழுத வாய்ப்புண்டு. ‘தட்டைத் திரை நம் கண்டுபிடிப்பு’ என்பது மிகை. ஜப்பானியத் தொழிற்கூடத்திலிருந்து மட்டும் தொடங்குவது மறதி. வட்டு மூலக்கூறு என்ற கருத்தைச் சோதனையால் மெய்ப்பித்தது பெங்களூரு. அதைப் பொருளாக்கியது வேறோர் ஊர். இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள். சந்திரசேகர் 1991இல் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆய்வு மையத்தைத் தொடங்கியதையும் இந்த இடைவெளியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆய்வு முன்மொழிவுகளில் ‘உடனடிப் பயன்’ என்ற கட்டத்தை நிரப்பும் மாணவர்கள் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அன்று அக்கட்டத்தில் தொலைக்காட்சி என்று யார் எழுதியிருக்க முடியும்?